டிஸ்னி வேர்ல்டு மோனோரெயிலை மூடுகிறார்களாமே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்ற உல்லாசப் பூங்கா வளாகம். அங்கே ஒற்றை உத்தரத்தின்மேல் ஓடும் ரயில்தான் மோனோரெயில். பிள்ளைகளையோ ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையோ அங்கே கூட்டிப்போக நினைத்து இணையத்தில் கொஞ்சம் தேடிப் பார்த்தவர்கள் கண்ணில், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்தத் தலைப்பு பட்டுவிடும்: மோனோரெயிலுக்கு மூடுவிழா, அரை நூற்றாண்டுச் சேவை முடிகிறது, டிஸ்னியே உறுதி செய்துவிட்டது. அடுத்த பத்தாவது நிமிடம் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். அதன்பின் வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நிரந்தரமாக மூடப் போகிறார்களா, இல்லையா?

இல்லை. மோனோரெயிலை நிரந்தரமாக நிறுத்தப் போவதாக டிஸ்னி எந்த அறிவிப்பும் வெளியிடவில்லை. ஏதாவது ஒரு தடம் சில நாள் நிற்கும், ஒரு நிலையத்தில் வேலை நடக்கும், ஒரு காலை நேரம் மட்டும் ஓடாது. இதெல்லாம் 1971 முதல் நடப்பதுதான்.

அந்த மோனோரெயில் எங்கிருந்து எங்கே ஓடுகிறது? நின்றால் ஏன் இவ்வளவு பதற்றம்?

இது தெரிந்தால்தான் வதந்தி ஏன் இத்தனை வேகமாகப் பரவுகிறது என்பது புரியும்.

டிஸ்னி வேர்ல்டின் முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. மோனோரெயிலும் அன்றைக்கேதான் ஓடத் தொடங்கியது. அந்தப் பூங்காவின் பொது வாகன நிறுத்தம் வாசலில் இல்லை. நடுவே செவன் சீஸ் லகூன் என்ற செயற்கை ஏரி கிடக்கிறது. நிறுத்தம் அதற்கு இந்தப் பக்கம், பூங்கா அந்தப் பக்கம். 12,000 கார்களுக்கு மேல் நிற்கும் அந்த நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, அதை ஒட்டியுள்ள போக்குவரத்து மையத்துக்கு வந்து, அங்கிருந்து மோனோரெயிலிலோ ஃபெர்ரியிலோ ஏரியைக் கடந்துதான் பெரும்பாலோர் பூங்கா வாசலுக்குப் போகிறார்கள். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு, 'போகும் வழியையே மூடுகிறார்கள்' என்று யாராவது சொன்னால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

தடங்கள் மூன்று. எக்ஸ்பிரஸ் தடம் போக்குவரத்து மையத்தையும் மேஜிக் கிங்டத்தையும் நேராக இணைக்கிறது. ரிசார்ட் தடம் அதே ஏரியைச் சுற்றி பாலினீஷியன், கிராண்ட் ஃப்ளோரிடியன், கன்டெம்பரரி என்ற மூன்று ஓட்டல்களிலும் நின்று போகிறது. 1982-ல் எப்காட் பூங்கா திறந்தபோது அங்கே போக மூன்றாவது தடம் வந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 14.7 மைல், அதாவது 23 கிலோமீட்டருக்கு மேல். 26 அங்குல அகலமுள்ள கான்கிரீட் உத்தரத்தின்மேல் ரப்பர் சக்கரங்களில் ஓடும் 12 ரயில்கள். ஒவ்வொன்றிலும் 6 பெட்டிகள். ரயிலுக்கு எண் கிடையாது, நிறம்தான் பெயர்: சிவப்பு, பவளம், எலுமிச்சைப் பச்சை, வெள்ளி, கறுப்பு என்று. கட்டணமும் கிடையாது.

மூடவில்லை என்றால் இந்தச் செய்தி ஏன் அடிக்கடி வருகிறது?

படிக்க ஆள் இருக்கிறது, அதனால் வருகிறது. டிஸ்னி பூங்காக்களைப் பற்றி மட்டுமே எழுதும் தளங்கள் ஏராளம். அவற்றில் பல தினமும் பத்து இருபது பதிவுகள் போட்டாக வேண்டும். ஒரு பூங்காவில் தினமும் பத்துச் செய்தி எங்கே நடக்கிறது? ஆகவே நாட்காட்டியில் இருக்கும் ஒரு பராமரிப்புத் தேதி, ஓர் அரைமணி நேரப் பழுது, யாரோ சமூக ஊடகத்தில் போட்ட ஒரு புலம்பல் எல்லாமே கட்டுரையாகிவிடும். விளம்பர வருமானம் பக்கம் திறக்கப்படும்போது வருகிறது. நீங்கள் படித்து முடித்தீர்களா, ஏமாந்தீர்களா என்பது அந்தக் கணக்கில் சேராது.

டிஸ்னி வேர்ல்டில் ஸ்கைலைனர் என்ற கம்பிவட வண்டியும் உண்டு. 'ஸ்கைலைனர் ஆண்டுப் பராமரிப்பு, ஒரு வாரம்' என்று போட்டால் அந்த வாரம் போகிறவர் மட்டும்தான் திறப்பார். 'டிஸ்னியின் புகழ்பெற்ற போக்குவரத்து மூடப்படுகிறது' என்று போட்டால் ஐந்து வருடம் கழித்துப் போக நினைப்பவரும் திறப்பார். எந்த ஊர், எந்தத் தடம், எத்தனை நாள் என்ற மூன்று விவரங்களையும் தலைப்பிலிருந்து உருவிவிடுவதுதான் அவர்கள் செய்யும் ஒரே வேலை. அந்த மூன்றும் கட்டுரையில் இருக்கும். ஏழெட்டு விளம்பரங்களைத் தாண்டி, கடைசிக்கு முந்தைய பத்தியில்.

கைப்பேசியில் நாம் கேட்காமலே வந்து நிற்கும் செய்திப் பட்டியலும் இதற்குத் தோதாக இருக்கிறது. டிஸ்னி டிக்கெட் விலையை ஒருமுறை தேடினால் போதும், அப்புறம் வாரக்கணக்கில் இதே மாதிரித் தலைப்புகள்தான்.

அப்படியென்றால் அவர்கள் எழுதுவது பொய்யா?

பெரும்பாலும் இல்லை, அதுதான் சிக்கல். முழுப் பொய் என்றால் ஒரே வரியில் மறுத்துவிடலாம். இவர்கள் சொல்வதில் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மையாக இருக்கும். பாலத்தில் தார் போடுவதற்காக இரண்டு நாள் தடுப்பு வைத்ததை 'பாலம் மூடப்பட்டது, மக்கள் அதிர்ச்சி' என்று சுவரொட்டி அடிப்பது போலத்தான் இது. பாலம் மூடப்பட்டது உண்மை. அதிர்ச்சி அடைந்த மக்களும் நாலு பேர் இருப்பார்கள்.

'உறுதி செய்தது' என்பதும் இப்படித்தான். டிஸ்னி தன் இணையதளத்தில் பராமரிப்புத் தேதியைப் போட்டிருக்கும். அது உறுதிப்படுத்தல்தானே என்பார்கள்.

வேறு ஊர்ச் செய்தியை இந்த ஊர் என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறதா?

நிறைய. டிஸ்னிக்கு ஒரு மோனோரெயில் அல்ல, மூன்று இருக்கின்றன.

கலிஃபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலாண்டு மோனோரெயில்தான் மூத்தது. 1959 ஜூன் 14 அன்று, அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ரிச்சர்டு நிக்சன் குடும்பத்தோடு வந்து திறந்துவைத்தார். அது இரண்டே நிலையங்களுள்ள சின்னத் தடம். பராமரிப்புக்காக அடிக்கடி நிற்கும். ரயிலில் குளிர்சாதனம் இல்லாததால் கடும் வெயில் நாளிலும் நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது டோக்கியோ டிஸ்னி ரிசார்ட் தடம், 2001 ஜூலையில் தொடங்கியது. நான்கு நிலையங்களைச் சுற்றிவரும் அதில் மட்டும் டிக்கெட் வாங்கித்தான் ஏற வேண்டும்.

'டிஸ்னி மோனோரெயில் மூடல்' என்ற தலைப்புக்குக் கீழே புளோரிடா ரயிலின் படத்தைப் போட்டுவிட்டு, உள்ளே கலிஃபோர்னியாவில் ஒரு வாரப் பராமரிப்பு என்று எழுதும் வழக்கம் உண்டு. படத்தில் பெரிய ஓட்டல் கட்டடத்துக்குள் ரயில் நுழைந்து போனால் அது புளோரிடாவின் கன்டெம்பரரி. ஊர் தெரியாமல் பதறுவதற்கு முன் இதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உண்மையிலேயே நீண்ட நாள் நின்றதே, 2020-ல்?

நின்றது. கொரோனாவால் 2020 மார்ச் நடுவில் டிஸ்னி வேர்ல்டு முழுவதும் மூடப்பட்டது. ஜூலையில் பூங்காக்கள் திறந்தபோது ஏரியைச் சுற்றியுள்ள இரண்டு தடங்கள் ஓடத் தொடங்கின. எப்காட் தடம் மட்டும் ஓடவில்லை. அது திரும்பி வந்தது 2021 ஜூலை 18 அன்று. இடையே ஓராண்டுக்கு மேல் எப்காட்டுக்குப் பேருந்துதான். பாலினீஷியன் ஓட்டலின் நிலையமும் முகப்பைப் புதுப்பிப்பதற்காக அந்தக் காலத்தில் பல மாதம் மூடிக் கிடந்தது.

இந்த விஷயத்தில் வதந்தி எழுதியவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்காட் தடம் எப்போது திரும்பும் என்று டிஸ்னி மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. மேஜிக் கிங்டத்துக்குள் ஓடும் பீப்பிள்மூவர் என்ற சிறு ரயிலுக்கும் அதே கதை: திறக்கும் தேதியைப் போடுவது, தள்ளுவது, மறுபடி தள்ளுவது. கடைசியில் 2021 ஏப்ரலில்தான் அது ஓடியது. இப்படிப் பதில் வராத இடத்தில்தான் ஆளாளுக்கு ஒரு கதை எழுதுவார்கள். 'தற்போதைக்குச் சேவை இல்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டு ஒதுங்குவதைவிட, 'இந்த ஆண்டு முடிவதற்குள் பார்க்கிறோம்' என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான்கு வருடம் நின்ற ரயில் ஒன்றும் உண்டாமே?

அது மோனோரெயில் இல்லை. மேஜிக் கிங்டத்தைச் சுற்றி ஓடும் நீராவி ரயில். ட்ரான் ரோலர்கோஸ்டர் கட்டுவதற்காக 2018 டிசம்பரில் நிறுத்தினார்கள். புதுப் பாதை அமைக்க வேண்டியிருந்தது, நடுவில் கொரோனா வேறு. 'இனி வராது' என்று எழுதித் தள்ளினார்கள். 2022 டிசம்பர் 23 அன்று வந்துவிட்டது. மெக்சிகோவின் யூகட்டானில் கரும்பும் கற்றாழை நாரும் சுமந்த காலத்து எஞ்சின்களை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். அவற்றைக் கட்டியது அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம். அத்தனை பழைய எஞ்சின்களையே வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

புளோரிடா ஆளுநர் மோனோரெயிலை நிறுத்தச் சட்டம் போட்டார் என்று படித்தேனே?

இது வதந்திக்குள் இருக்கும் அரசியல் செய்தி, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2022-ல் பள்ளிகளில் பாலினம் பற்றிய பாடங்கள் தொடர்பான மாநிலச் சட்டத்தை டிஸ்னி எதிர்த்துப் பேசியது. ஆளுநர் ரான் டிசாண்டிசுக்கும் டிஸ்னிக்கும் மோதல் வெடித்தது. 1967 முதல் ரீடி கிரீக் என்ற சிறப்பு மாவட்டத்தின் மூலம் அந்த நிலப்பகுதியின் உள்ளாட்சியை நடைமுறையில் டிஸ்னியே நடத்திவந்தது. 2023 பிப்ரவரியில் அந்த மாவட்டத்தின் நிர்வாகக் குழு ஆளுநர் நியமித்தவர்கள் கைக்குப் போனது, பெயரும் மாறியது. அதையடுத்து ஏப்ரலில், மோனோரெயிலை இனி மாநிலப் போக்குவரத்துத் துறை பரிசோதிக்கும் என்றார் டிசாண்டிஸ். அதுவரை பரிசோதனையை டிஸ்னியே பார்த்துக்கொண்டது. அந்த ஆண்டே சட்டமும் வந்தது. சட்டத்தில் டிஸ்னியின் பெயர் இல்லை. ஆனால் கவுண்டி எனப்படும் இரண்டு நிர்வாகப் பகுதிகளில் பரவியிருக்கும் சிறப்பு மாவட்டத்துக்குள் ஓடும் மோனோரெயில் என்று எழுதினால், மாநிலத்தில் வேறு எதைக் குறிக்கும்?

பரிசோதனைக்காகச் சேவையை நிறுத்திவைக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் தலைப்புகள் பறந்தன. பழிவாங்கும் நோக்கம் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 'மோனோரெயிலை மூடும் சட்டம்' என்று அதைச் சொல்வது வேறு. ரயில் தொடர்ந்து ஓடியது. 2024 மார்ச்சில் மாவட்டத்துக்கும் டிஸ்னிக்கும் இடையே மாநில நீதிமன்றத்தில் இருந்த வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. அந்தப் பழைய கட்டுரைகள் மட்டும் தேதி இல்லாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ரயில்கள் பழசாகிவிட்டன என்பது உண்மைதானே?

உண்மைதான், மறுப்பதற்கில்லை. இப்போது ஓடும் ரயில்கள் பொம்பார்டியர் நிறுவனம் கட்டிய மார்க் 6 வகை. 1989-க்கும் 1991-க்கும் இடையே வந்தவை. அவற்றுக்கு முன் ஓடிய மார்க் 4 ரயில்கள் இருபது ஆண்டுகளில் ஓய்வு பெற்றன; அவற்றில் இரண்டை வாங்கித்தான் லாஸ் வேகாஸில் 1995-ல் இரண்டு ஓட்டல்களுக்கு இடையே மோனோரெயில் தொடங்கினார்கள். மார்க் 6 அந்த இருபதைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. கதவு சரியாக மூடாமல் ரயில் போன காணொளி, நடுவழியில் நின்ற ரயில், குளிர்சாதனம் வேலை செய்யாத பெட்டி எல்லாம் அவ்வப்போது வெளிவருவது இதனால்தான்.

ஆகவே 'ரயில்களை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது' என்று யாராவது எழுதினால் நானும் கை தூக்குவேன். அதிலிருந்து 'தடத்தையே பிடுங்கப் போகிறார்கள்' என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 2023-ல் மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் சுமார் 1 கோடியே 77 லட்சம் பேர் வந்ததாகப் பூங்காத் துறையின் கணக்கு. ஒரு நாளைக்குச் சராசரியாக 48,000 பேர். இவர்களில் பெரும்பகுதியை ஏரி தாண்டிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மோனோரெயிலை எடுத்துவிட்டால் அத்தனை பேரையும் ஃபெர்ரியிலும் பேருந்திலும் அடைக்க வேண்டும். வாணவேடிக்கை முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வரும் இரவு ஒன்பது பத்து மணியை நினைத்துப் பாருங்கள். போதாதற்கு, மோனோரெயில் நின்று போகும் ஓட்டல் என்பதாலேயே அந்த மூன்று ஓட்டல்களிலும் அறை வாடகையைத் தீட்டிவிடுகிறார்கள். அந்த வருமானத்தை எந்த நிறுவனம் விடும்?

விபத்து நடந்ததால் நிறுத்தப் போகிறார்கள் என்கிறார்களே?

அவர்கள் குறிப்பிடுவது 2009 ஜூலை 5 அதிகாலை நடந்தது. போக்குவரத்து மையத்தில் ஒரு ரயில் தடம் மாறுவதற்காகப் பின்னோக்கி வந்தபோது, தடம் மாற்றும் உத்தரம் சரியாக நகர்த்தப்படாததால் வந்த தடத்திலேயே திரும்பி, நின்றிருந்த இன்னொரு ரயில்மீது மோதியது. 21 வயது ஓட்டுநர் இறந்துபோனார். அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அதன்பின் நடைமுறைகள் மாறின. முன்னால் ஓட்டுநர் அறையில் பயணிகளை உட்காரவைக்கும் வழக்கமும் அதோடு நின்றது. மோதிய இளஞ்சிவப்பு, ஊதா ரயில்களின் பெயர்களைப் பிறகு எந்த ரயிலுக்கும் வைக்கவில்லை.

சேவை அன்றோடு முடிந்துவிடவில்லை. இதைப் பழைய படத்தோடு 'துயரம்' என்று தலைப்பிட்டு இப்போது நடந்தது மாதிரி பகிர்வது மட்டமான வேலை.

ஸ்கைலைனர் வந்துவிட்டதே, அது மோனோரெயிலுக்கு மாற்றுதானே?

இரண்டும் ஓடும் இடமே வேறு. ஸ்கைலைனர் என்பது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் வண்டி. 2019 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவையும் கரீபியன் பீச், ரிவியரா, பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஓட்டல்களோடு இணைக்கிறது. மேஜிக் கிங்டம் பக்கம் அது போகவே போகாது. மோனோரெயிலை நீட்டிக்காமல் இதைக் கட்டினார்கள் என்பது உண்மை; கான்கிரீட் உத்தரம் எழுப்புவதைவிட இது மலிவு. ஆனால் நீட்டிக்காமல் விடுவது வேறு, இருப்பதை இடிப்பது வேறு.

வதந்திக்காரர்களுக்கு மோனோரெயிலைவிட ஸ்கைலைனர்தான் நல்ல தீனி. தொடங்கி ஒரு வாரத்திலேயே, 2019 அக்டோபர் 5 இரவு, நிலையம் ஒன்றில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றுபோய், சிலர் மணிக்கணக்கில் அந்தரத்தில் தொங்கினார்கள். அக்டோபர் 14 அன்று மறுபடி ஓடியது. மின்னல் வந்தால் நிறுத்துவார்கள், பலத்த காற்றுக்கும் நிறுத்துவார்கள். புளோரிடாவில் கோடைக்காலப் பிற்பகல் என்றாலே இடிமழைதான், ஆகவே அடிக்கடி நிற்கும். இதுபோக ஆண்டுதோறும், வழக்கமாக ஜனவரி வாக்கில், ஒரு வாரம் போலப் பராமரிப்புக்கு நிற்கும். அந்த வாரத்துக்கு முன்பு 'ஸ்கைலைனர் மூடல்' கட்டுரைகள் வரிசைகட்டும். அடுத்த வருடமும் வரும்.

அப்போ டிஸ்னி எதையுமே நிரந்தரமாக மூடியதில்லையா?

மூடியிருக்கிறது, தாராளமாக. மேஜிக் கிங்டத்துக்குள் பழைய கம்பிவட வண்டி ஒன்று இருந்தது, ஸ்கைவே என்று பெயர். 1999 நவம்பரில் நிறுத்தினார்கள். கலிஃபோர்னியாவின் பீப்பிள்மூவர் 1995-ல் நின்றது. அதன் தடம் வெகுகாலம் சும்மாவே கிடந்தது. லிபர்ட்டி ஸ்கொயர் ஆற்றுப்படகும் டாம் சாயர் தீவும் 2025 ஜூலை 6 அன்று கடைசியாக இயங்கின. கார்ஸ் படத்தை வைத்துப் புதிய பகுதி அந்த இடத்தில் வருகிறது.

இதில் நமக்குப் பயன்படும் உதாரணம் மேஜிக்கல் எக்ஸ்பிரஸ். ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஓட்டல்களுக்கு இலவசப் பேருந்து, 2005 முதல் ஓடியது. 2021 ஜனவரியில் டிஸ்னி தன் அதிகாரப்பூர்வ வலைப்பதிவிலேயே சொல்லிவிட்டது: 2022 தொடக்கத்திலிருந்து வரும் விருந்தினர்களுக்கு இது கிடையாது. ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே, தேதியோடு. ஆற்றுப்படகு விஷயமும் அப்படியே. 2024 ஆகஸ்டிலேயே திட்டம் வெளிவந்தது, கடைசி நாளும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

டிஸ்னிக்கு இதில் வேறு வழியும் இல்லை. மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, விமான டிக்கெட்டும் எடுத்து வருகிறவர்கள் இவர்கள். சொல்லாமல் நிறுத்தினால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நிற்பார்கள். மோனோரெயில் அளவுக்குப் பெரிய ஒன்றை எடுப்பதாக இருந்தால், ஏதோ ஒரு தளத்துக்கு மட்டும் 'ரகசியத் தகவல்' கிடைத்து நமக்குத் தெரியவராது. பங்குதாரர் கூட்டத்திலிருந்து ஆர்லாண்டோ நாளிதழ் வரை எல்லா இடத்திலும் இருக்கும்.

உல்லாசத் தலங்களில் மோனோரெயிலை எடுத்த கதை எதுவும் இல்லையா?

இருக்கிறது. நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த செந்தோசாவிலேயே நடந்தது. சிங்கப்பூரின் அந்தத் தீவில் 1982-ல் தொடங்கிய பழைய மோனோரெயிலை 2005 மார்ச்சில் நிறுத்தினார்கள். 2007 ஜனவரியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் வந்தது. பழையது தீவுக்குள்ளேயே சுற்றும். புதியது எதிர்க்கரையில் உள்ள ஹார்பர்ஃபிரன்ட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு வருகிறது. கூட்டம் வரும் இடத்தில் ஒன்றை எடுத்தால் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தாக வேண்டும். டிஸ்னி வேர்ல்டில் அப்படி எதுவும் கட்டத் தொடங்கியிருந்தால் வானிலிருந்து படமெடுத்துப் போடும் ரசிகர்கள் முதல் நாளே போட்டிருப்பார்கள்.

வேண்டுமென்றே பொய் எழுதும் தளங்களும் உண்டா?

உண்டு. மவுஸ் டிராப் நியூஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. டிஸ்னியைப் பற்றிக் கேலிக்காகக் கற்பனைச் செய்தி எழுதுகிறோம் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் மது அருந்த 21 வயது ஆக வேண்டும். டிஸ்னி வேர்ல்டில் அதை 18 ஆக்கப் போகிறார்கள் என்று 2022-ல் ஒன்றை எழுதிவிட்டார்கள். அது டிக்டாக்கிலும் பேஸ்புக்கிலும் ஓடி, கடைசியில் பெரிய செய்தி நிறுவனங்கள் உட்கார்ந்து மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. தளத்துக்குள் போனால் 'அங்கதம்' என்று எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் திரைப்பிடிப்பில் அது இருக்காது.

ஒரு தலைப்பைப் பார்த்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டும் இருந்தால் அது பராமரிப்பு. தொடங்கும் நாள் மட்டும் இருந்தால் கவனிக்க வேண்டிய செய்தி. இரண்டுமே இல்லாமல் 'விரைவில்' என்றிருந்தால் அங்கேயே மூடிவிடலாம்.

அப்புறம் டிஸ்னி வேர்ல்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் நீங்கள் போகும் நாளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பராமரிப்பில் இருப்பவை அதிலேயே பட்டியலாக வரும். போன பிறகு என்றால் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலி. நிரந்தர முடிவுகள் டிஸ்னி பார்க்ஸ் வலைப்பதிவில் வரும். அங்கே இல்லாத நிரந்தர மூடலை நம்பி ஓட்டலை மாற்றாதீர்கள்.

தலைப்பு கேள்விக்குறியோடு முடிந்தால் பதில் அநேகமாக 'இல்லை'. கட்டட அனுமதி ஆவணத்தைக் காட்டி எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்த ஆவணங்கள் அரசுப் பதிவில் உள்ள உண்மையான தாள்கள். ஆனால் பல சமயம் படிக்கட்டு, கூரை, மின்கம்பி வேலைக்கானவை. 'நிலையத்தில் இடிப்பு வேலை' என்பது ஒரு சுவராகவும் இருக்கலாம்.

பெரியப்பா குழுவில் போட்டுவிட்டார். மறுத்தால் கோபப்படுவார். என்ன செய்வது?

குழுவில் மறுக்காதீர்கள், தனியாகச் சொல்லுங்கள். 'பெரியப்பா, அது கலிஃபோர்னியாவில் ஒரு வாரத்துக்காம், நாம போறது புளோரிடாதானே' என்றால் அவரே குழுவில் திருத்திப் போட்டுவிடுவார்.

நாங்கள் போகும் நாளில் நிஜமாகவே நின்றுவிட்டால்?

பூங்காவுக்குப் போக முடியாமல் போகாது. போக்குவரத்து மையத்திலிருந்து மேஜிக் கிங்டத்துக்கு ஃபெர்ரி இருக்கிறது. பெரிய படகு, ஒரே தடவையில் 600 பேர் வரை ஏற்றும். மோனோரெயில் வரிசை நீளமாக இருக்கும் நாட்களில் நானாக இருந்தால் ஃபெர்ரியையே எடுப்பேன், ஏரிக்காற்றும் கிடைக்கும். சக்கர நாற்காலியோடு இரண்டிலும் ஏறலாம். மின்னல் வந்தால் மட்டும் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

ஏரியைச் சுற்றியுள்ள ஓட்டல்களுக்குச் சிறு படகுகளும் உண்டு. எப்காட் தடம் நின்றால் பேருந்து விடுவார்கள். புயல் வந்து பூங்காவையே மூடினால் அது வேறு கதை. 2022-ல் இயன் புயலுக்கும் 2024 அக்டோபரில் மில்டன் புயலுக்கும் மூடினார்கள், ஓரிரு நாளில் திறந்தார்கள்.

மோனோரெயிலுக்காகவே கூடுதல் வாடகை கொடுத்து அந்த ஓட்டல்களில் தங்கலாமா?

வசதி இருந்தால் தங்கலாம், ஆனால் மூன்றும் ஒன்றல்ல. கன்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம்; ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கவலையில்லை. கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்தும் 2020 முதல் நடைபாதை இருக்கிறது, அது கொஞ்சம் தூரம். பாலினீஷியனிலிருந்து போக்குவரத்து மையம் நடை தூரம்தான், அங்கே எப்காட் ரயிலும் ஃபெர்ரியும் கிடைக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது கன்டெம்பரரி. பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஸ்கைலைனர் போகும் பாப் செஞ்சுரியைப் பாருங்கள், ஆனால் ஜனவரியில் போவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் பராமரிப்பு வாரம் எது என்று கேட்டுவிடுங்கள்.